‘இருந்தாலும்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் சிவப்பு, 13 வயதாகும் இளையவள் கறுப்பு. பள்ளி ஆண்டு விழா நடனத்தில் இளையவளைக் கடைசி வரிசைக்கு மாற்றிவிட்டார்களாம். வீட்டில் அப்பாயி தினமும் ஏதாவது சொல்கிறாராம். போன வாரம் அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸில் முகத்தைச் சிவப்பாக்கப் போடும் கிரீம் ட்யூப் ஒன்று பாதி தீர்ந்து இருந்திருக்கிறது. ‘இவளிடம் நான் என்ன பேசுவது? எங்கள் மகளிர் குழுவில் இந்த நிற பேதத்தைப் பற்றி ஒரு கூட்டம் போட நினைக்கிறோம், அங்கே என்ன பேசுவது?’ என்பது அவர் கேள்வி. டெல்டாவில் 26 ஆண்டுகளாகத் தோல் மருத்துவம் பார்க்கிறவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ட்யூப். அதற்காக அவளைத் திட்டாதீர்கள், பிடுங்கி எறியவும் வேண்டாம். கையில் எடுத்து லேபிளைப் பாருங்கள். இடப்பக்க ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. எத்தனை நாளாகப் போடுகிறாள் என்று நிதானமாகக் கேளுங்கள். ஒரு மாதத்தைத் தாண்டியிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்திய சில நாளில் முகம் சிவந்து எரியும், பரு கிளம்பும். பிள்ளை அதைப் பார்த்துப் பயந்து, ‘போட்டாத்தான் நல்லாருக்கு’ என்று மறுபடி ஆரம்பிப்பாள். இந்த வாரத்திலேயே ட்யூபோடு சேர்த்து அவளைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் பிரிவு உண்டு, செலவில்லை.

இனி உங்கள் வீட்டுப் பேச்சுக்கு வருகிறேன். அப்பாயி என்ன சொல்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமலே எனக்குத் தெரியும், என் அப்பாயியும் அதைத்தான் சொன்னார்: ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா.’ தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்த ஊர் வீட்டிலும் இதைக் கேட்கலாம். சொல்கிறவர் பாராட்டுவதாகத்தான் நினைக்கிறார். கேட்கிற பிள்ளை காதில் விழுவது அந்த ‘இருந்தாலும்’ மட்டும். மாட்டுச் சந்தையில் ‘கொம்பு ஒடிஞ்சிருந்தாலும் நல்லாக் கறக்கும்’ என்பார்களே, அதே இலக்கணம். முதலில் ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும், அப்புறம் ஈடாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று வயதில் தொடங்கி இதைக் கேட்டு வளர்கிற பெண், கறுப்பு என்பது ஈடுகட்ட வேண்டிய கடன் என்று பத்து வயதுக்குள் முடிவு கட்டிவிடுகிறாள். நன்றாகப் படித்தாலும் நன்றாக ஆடினாலும் அந்தக் கடனுக்கு வட்டி கட்டுவதாகத்தான் அவளுக்குத் தோன்றுகிறது.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். பெண் பார்க்கப் போய்த் திரும்பியவர்களிடம் ‘பொண்ணு எப்படி?’ என்று கேட்டால் ‘நல்ல நிறம்’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘கொஞ்சம் கலர் கம்மி’ என்பார்கள். தோலில் நிறத்தைத் தரும் பொருள் கூடுதலாக இருப்பவளைத்தான் நாம் ‘கலர் கம்மி’ என்கிறோம்! ஜாதகத்தோடு கொடுக்கும் பயோடேட்டாவில் பாதிப் பேருக்கு ‘மாநிறம்’ என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லுக்கு நம் மொழியில் பெரிய பரம்பரை இருக்கிறது. சங்கப் பாடல்களில் ‘மாமை’ என்பது பெண்ணின் அழகுக்கே பெயர். மாந்தளிர் போன்ற நிறம் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். தலைவனைப் பிரிந்தவள் உடலில் அந்த மாமை அழிந்து பசலை படரும். பசலை என்றால் வெளிறிப்போவது. அதாவது நிறம் மங்கி வெளுப்பதைத்தான் அன்றைக்கு நோயின் அடையாளமாகப் பாடினார்கள். கறுப்பு என்று எழுதக் கூச்சப்பட்டு ஒளிந்துகொள்ளும் இடமாக இன்று நாம் ‘மாநிறம்’ என்ற சொல்லை ஆக்கி வைத்திருக்கிறோம்.

பழசெல்லாம் பொன்னாக இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. இந்த வழக்கத்தை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று கூட்டங்களில் சொல்வார்கள். அவன் பங்கு உண்டு, ஆனால் முழுக்கதை அதில் இல்லை. டெல்டாவில் நிழல் யாருக்கு, வெயில் யாருக்கு என்பது பல நூறு வருடமாகப் பிறப்பை வைத்து முடிவானது. நிலத்துக்கு உடையவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சேற்றில் குனிந்து நாற்று நட்டவருக்கு முதுகில் வெயில். குறுவை நடவு ஆனி மாதத்தில், அந்த நேரத்து வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கும் நம் நடவுப் பெண்கள் புடவைக்கு மேலே கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வயலில் இறங்குகிறார்கள். வெயிலில் வேலை செய்பவர் கீழே, நிழலில் இருப்பவர் மேலே என்ற ஏற்பாடு தோல் நிறத்தின் மேலும் ஏறிக்கொண்டது. சாதியையும் நிறத்தையும் முடிச்சுப் போட்டு ஒரு பழமொழி உண்டு, அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஒரு பிள்ளையை ‘கறுப்பி’ என்று கேலி செய்யும்போது பல நேரம் அதற்குள் சாதியும் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கூட்டத்தில் இதைத் தொடாமல் போனால் பாதியைப் பேசாமல் விட்ட மாதிரி. ஆனால் முதல் கூட்டத்திலேயே இதில் ஆரம்பிக்க வேண்டாம், வாயடைத்துப் போவார்கள்.

அங்கே ஆரம்பிக்கச் சுலபமானது பிள்ளைப்பேறு. எல்லோருக்கும் அனுபவம் இருக்கிறது, எல்லோரும் பேசுவார்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் பாலில் குங்குமப்பூ போட ஆரம்பிக்கிறோம். பிறந்ததும் ஆணா பெண்ணா என்பதற்கு அடுத்த கேள்வி ‘என்ன கலர்?’ என்பதுதான். பிரசவ வார்டில் பாட்டிமார் குழந்தையின் காது மடலையும் நகக்கண்ணையும் திருப்பிப் பார்த்து, ‘இப்ப சிவப்பாத்தான் இருக்கு, போகப் போகக் கறுத்துரும்’ என்று சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கறுத்துவிடும் என்பது பல குழந்தைகளுக்கு உண்மைதான். பிறக்கும்போது நிறமி முழுதாக உண்டாகியிருக்காது, சில மாதங்களில் அது சேரும். எந்தப் பயத்தமாவும் அதைத் தடுக்க முடியாது. அழுத்தித் தேய்த்துத் தேய்த்து மேல்தோல் சிவந்து புண்ணான குழந்தைகளை என்னிடம் கொண்டு வருகிறார்கள். குங்குமப்பூவால் வயிற்றுப் பிள்ளையின் நிறத்தை மாற்ற முடியாது. அந்தக் காசில் முட்டையும் முருங்கைக்கீரையும் வாங்கிக் கொடுத்தால் தாய்க்கு ரத்தமாவது ஊறும்.

நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை எளிதாகவே சொல்லலாம். மேல்தோலின் அடியில் மெலனின் என்ற நிறமியைச் செய்யும் செல்கள் இருக்கின்றன. சிவந்தவருக்கும் கறுத்தவருக்கும் அவற்றின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. எவ்வளவு நிறமி செய்கின்றன, என்ன வகை, அது சின்னச் சின்னப் பொட்டலங்களாகத் தோல் முழுக்க எப்படிப் பரவுகிறது என்பதில்தான் வித்தியாசம். மெலனின் ஒரு குடை. சூரியனின் புற ஊதாக் கதிரை அது வாங்கிக்கொள்வதால் உள்ளே இருக்கும் செல்களின் மரபணு காப்பாற்றப்படுகிறது. ரத்தத்தில் இருக்கும் ஃபோலேட் சத்தும் அதிக வெயிலில் சிதையாமல் இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் வாரங்களில் குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூட ஃபோலேட் வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஃபோலிக் அமில மாத்திரை கொடுப்பது அதற்காகத்தான். நம் டெல்டா பூமத்திய ரேகைக்குச் சுமார் 11 பாகை வடக்கே இருக்கிறது. வருடம் முழுக்கக் கடுமையான வெயில் அடிக்கும் இந்த ஊருக்கு ஏற்ற தோல் உங்கள் இளைய மகளுடைய தோல். வெள்ளைத்தோல் நாடுகளில் சாதாரணமாகப் பார்க்கும் தோல் புற்றுநோய் நம் ஊரில் மிகக் குறைவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இந்தக் குடை.

ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள் ஏன் வேறு வேறு நிறம் என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். அதற்குள் வீண் சந்தேகப் பேச்சும் ஒளிந்திருக்கும். நிறத்தை ஒரே மரபணு தீர்மானிப்பதில்லை, பல சேர்ந்து தீர்மானிக்கின்றன. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவது போல ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு கைச்சீட்டு விழுகிறது. அந்த மரபணுக்களில் ஒன்றை 2005இல் கண்டுபிடித்தார்கள், முதலில் தெரிந்தது ஒரு சின்ன மீனில். அதில் ஒரே ஒரு எழுத்து மாறினால் தோல் வெளுக்கிறது. ஐரோப்பியர் அநேகமாக எல்லோரிடமும் இருக்கும் அந்த மாற்றம் இந்தியர் பலரிடமும் இருக்கிறது என்றும், இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்றும் 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் மூத்த மகளுக்கும் இளையவளுக்கும் நடுவே இருப்பது இப்படிச் சில எழுத்துகளின் வித்தியாசம்.

கிரீம்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும், என் வேலையில் பாதி அதுதான். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ இந்தியாவில் 1975இல் விற்பனைக்கு வந்தது. ஆண்களுக்கென்று தனியாகச் சிவப்பழகு கிரீம் 2005இல் வந்தது. 2020 ஜூலையில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ தன் பெயரைக் ‘குளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றிக்கொண்டது. அது நல்ல மாற்றம்தான், வரவேற்றேன். ஆனால் 45 வருடமாக ‘சிவந்தால் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைக்கும்’ என்று வீட்டுக்குள் வந்து சொன்ன பேச்சு ஒரு பெயர்ப் பலகையோடு போய்விடவில்லை. சாதாரண கிரீமில் பலன் தெரியாதவர்கள் அடுத்து மெடிக்கலில் போய்க் கேட்கிறார்கள். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

மெடிக்கலில் கிடைக்கும் பல ட்யூப்களில் பெட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். சிலவற்றில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாய்ன் இரண்டோடு ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். மூன்றும் சேர்ந்த அந்தக் கலவை மங்குக்கு, அதாவது முகத்தில் படரும் கருந்திட்டுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் சில வாரம் மட்டும் போடுவதற்கானது. ஸ்டீராய்டு ரத்தக் குழாயைச் சுருக்கும், நிறமி செய்வதை மட்டுப்படுத்தும். அதனால் முதல் பத்து பதினைந்து நாள் முகம் பளிச்சென்று இருக்கும், பக்கத்து வீட்டுக்காரி ‘என்ன போடுற?’ என்று கேட்பாள், ட்யூப் பெயர் தெருவெல்லாம் பரவும். சில மாதம் போனால் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலியும், சிவப்பு நரம்பு தெரியும், வெயிலில் போனால் எரியும், தாடையில் முடி வளரும், பரு கொத்தாக வரும். நிறுத்தவும் முடியாது. இப்படி வருகிறவர்கள் இந்தியாவில் அவ்வளவு அதிகம் என்பதால் நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் இந்த நிலைக்கே ‘ஸ்டீராய்டால் சிதைந்த முகம்’ என்று தனிப்பெயர் வைத்தார்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. சட்டம் அப்படி, கடைத்தெருவில் நடப்பது வேறு.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண் தன் தாயோடு வந்தாள். ‘கல்யாணத்துக்கு நாப்பது நாள்தான் இருக்கு டாக்டரம்மா, மாப்பிள்ளை வீட்டுல சிவப்புப் பொண்ணுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க’ என்றார் தாய். கன்னத்தில் லேசாக மங்கு இருந்தது. அதைச் சாக்காக வைத்து மூன்று மருந்துக் கலவையை மூன்று வாரத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பார்வைக்கு வரச் சொன்னேன், வரவில்லை. இரண்டரை வருடம் கழித்துக் கைக்குழந்தையோடு வந்தாள். முகம் முழுக்கச் சிவந்து, மூக்கோரம் நரம்பு கிளைத்து, தொட்டால் எரிகிறது என்றாள். கையில் மடிப்புக் கிழிந்த பழைய சீட்டு, அதில் என் கையெழுத்து. அதைக் காட்டித்தான் மாதாமாதம் வாங்கியிருக்கிறாள். ‘நிறுத்துனா கறுத்துருவேன், அவங்களுக்குத் தெரிஞ்சுரும்’ என்று சொல்லி அழுதாள். கணவன் வீட்டில் யாரும் அவளை அதுவரை ஒரு சொல் சொல்லியிருக்கவில்லை. தெரிந்துவிடும் என்ற பயம் ஒன்றே அவளை இரண்டரை வருடம் பூச வைத்தது. முகம் தேற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நரம்புக் கோடுகள் முழுதாகப் போகவில்லை. அன்றைக்கு நான் மருந்துச் சீட்டு எழுதியிருக்கக் கூடாது. அந்தத் தாயையும் மகளையும் உட்கார வைத்து அரை மணி நேரம் பேசியிருக்க வேண்டும்.

இதைவிடக் கெட்டது பாதரசம். துபாயிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டு வரும் டப்பா, ஆன்லைனில் வரும் பெயர் தெரியாத டப்பா ஆகியவற்றில் பாதரச உப்பு இருக்க வாய்ப்புண்டு. தயாரித்தவர் முகவரி, உரிம எண், உட்பொருள் பட்டியல் மூன்றும் இல்லாத டப்பாவைத் தொடவே கூடாது. பட்டியலில் ‘மெர்க்குரி’, ‘மெர்க்குரஸ்’, ‘கலோமெல்’ என்று எது இருந்தாலும் விலக்குங்கள். பாதரசம் தோல் வழியே ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023இல் கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகை நோயோடு அடுத்தடுத்து வந்தவர்களை விசாரித்தபோது, பலருக்கும் பொதுவாக இருந்தது வெளுப்பாக்கும் கிரீம்தான் என்று தெரிந்தது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்த மினமாட்டா ஒப்பந்தப்படி, பாதரசம் 10 லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ள அழகுப் பொருளை 2020க்குப் பிறகு தயாரிக்கவோ நாடு விட்டு நாடு அனுப்பவோ கூடாது. இந்தியாவும் அதை ஏற்ற நாடு. ஆனாலும் பெட்டிக்குள் துணியோடு துணியாக வந்துகொண்டுதான் இருக்கிறது. முகமும் காலும் வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால், கிரீம் போடுகிறவர் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்போது கும்பகோணம், தஞ்சாவூர் வரைக்கும் வந்துவிட்ட குளூட்டாதயோன் ஊசியைப் பற்றியும் கேட்பார்கள். நிறம் கூட்டுவதற்கென்று அது இந்தியாவில் அனுமதி பெற்றதில்லை. பணம் போவதோடு ஒவ்வாமையும் வரலாம்.

நிறத்தின் மேலேயே கண் இருப்பதால் நோய் கண்ணுக்குத் தப்புகிறது, இதைக் கூட்டத்தில் கட்டாயம் சொல்லுங்கள். விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் தீபாவளிக்கு ஊருக்கு வந்தாள். ‘டவுனுக்குப் போயி கலர் ஏறிட்டா’ என்று சொந்தமெல்லாம் மெச்சியது. முடி கொட்டுகிறது என்று என்னிடம் வந்தாள். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள். ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே, 12 இருக்க வேண்டிய இடத்தில். ரத்தமில்லாமல் வெளுத்ததைத்தான் எல்லோரும் அழகு என்று பாராட்டியிருக்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று வந்தது, அதையும் நினைவில் வையுங்கள். கறுத்த தோலில் சோகை முகத்தில் சட்டென்று தெரியாது. உள்ளங்கை, நாக்கு, கண்ணிமை மூன்றையும் பார்க்க வேண்டும்.

கழுத்துக் கறுப்பும் அப்படித்தான். பிடரியில் பட்டுத்துணி மாதிரித் தடித்துக் கறுக்கும். அழுக்கு என்று பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ப்பார்கள், ‘குளிக்கிறியா இல்லையா?’ என்று பிள்ளையை அடிப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் அது உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளம். சர்க்கரை நோய் வருமுன் அடிக்கும் எச்சரிக்கை மணி. எடையைக் கவனித்து, சர்க்கரையைப் பரிசோதித்து, சாப்பாட்டைச் சரி செய்தால் கறுப்பும் மெல்லக் குறையும். தேய்த்தால் கூடும்.

இப்போது கூட்டம். ‘கறுப்பே அழகு, காந்தலே ருசி’ என்று பேனர் கட்டி ஆரம்பிக்காதீர்கள். நல்ல பழமொழிதான், நாங்கள் நடத்திய ஒரு கூட்டத்தையும் அப்படித்தான் ஆரம்பித்தோம். கைதட்டிவிட்டு எழுந்து போனார்கள். கண்ணனைக் கார்மேக வண்ணன் என்று பாடுகிறோம், மன்னார்குடி ராஜகோபாலனைக் கும்பிடுகிறோம், எல்லையில் கருப்பசாமியிடம் கை கட்டி நிற்கிறோம் என்று நான் பேசியபோது ஒரு பாட்டி சொன்னார்: ‘சாமி கறுப்பா இருக்கலாம் ஆத்தா, சாமிக்கு வரன் பாக்க வேண்டியதில்லையே.’ அவர் சொன்னது சரி. கும்பிடுவது ஒரு கணக்கு, சம்பந்தம் பேசுவது வேறு கணக்கு.

அதனால் அடுத்த முறை மாற்றிக்கொண்டோம். அவரவர் வீட்டு அலமாரியில் இருக்கும் ட்யூப், டப்பா எல்லாவற்றையும் கொண்டு வரச் சொன்னோம். 31 பேர் வந்தார்கள், பாய் நிறைந்துவிட்டது. கண்ணாடி போட்ட பிள்ளைகள் இரண்டு பேர் ஒவ்வொன்றின் லேபிளையும் சத்தமாகப் படித்தார்கள். சிவப்புக் கோடு இருப்பது ஒரு பக்கம், முகவரி இல்லாதது ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தோம். இது என் முகத்துக்கு என்று சொல்லக் கூச்சப்பட்டவர்கள்கூட ‘இது எங்க வீட்டுல கெடந்துச்சு’ என்று கொண்டு வந்தார்கள். பேச்சு தானாக வந்தது. எனக்கு மறக்காதது எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டி. ‘என் கறுப்புக்கு ரெண்டு மா’ என்றார். புரியாமல் விழித்தோம். அவர் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் கறுப்பு என்று தயங்கினார்களாம். அவருடைய அப்பா இரண்டு மா நிலத்தைக் கூடுதலாக எழுதி வைத்துத்தான் தாலி ஏறியிருக்கிறது. ஐம்பது வருடமாக அந்த வயலைக் கடக்கும்போதெல்லாம் அது தன் விலை என்று நினைத்துக்கொள்வாராம். அவர் மருமகளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார், முதல்முறையாக இதைக் கேட்டார். நகையும் நிலமும் நிறத்துக்குத் தக்கபடி ஏறி இறங்குவதை அன்றைக்கு ஒருவர் விடாமல் சொன்னார்கள். மருத்துவர் நான் அரை மணி பேசியதைவிட அந்த ஒரு வாக்கியம் அதிகம் வேலை செய்தது.

அன்று முடிவெடுத்தவை சின்னச் சின்னவை. வீட்டுப் பயோடேட்டாவில் நிறம் என்ற வரியை எடுத்துவிடுவது. கேட்டால் ‘நேரில் பாருங்கள்’ என்பது. பெரிய திருமணத் தளம் ஒன்றே 2020 ஜூனில் பயனர்கள் எதிர்த்ததால் நிறத்தை வைத்து வடிகட்டும் வசதியை நீக்கிவிட்டது, நம்மால் ஒரு தாளில் ஒரு வரியை நீக்க முடியாதா? அடுத்தது ஃப்ளெக்ஸ். மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வைக்கும் ஃப்ளெக்ஸில் பெண்ணின் முகத்தை மாவு பூசினாற்போல வெளுக்க வைத்து அச்சடிக்கிறார்கள். மண்டப வாசலில் பத்தடி உயரத்தில் வேறு யாரோ ஒருத்தி சிரிக்கிறாள், கீழே இவள் நிற்கிறாள். பிரஸ்ஸில் ‘முகத்தைத் தொடாதீங்க, எடுத்த போட்டோவை எடுத்தபடியே போடுங்க’ என்று சொல்லிவிடுவது என்று ஒத்துக்கொண்டார்கள். சிலர் செய்தார்கள், சிலர் செய்யவில்லை. செய்த வீட்டுப் பெண் என்னிடம் அந்தப் போட்டோவைக் கொண்டு வந்து காட்டினாள்.

பள்ளிக்கு நீங்கள் போய்த்தான் ஆக வேண்டும். சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல், நடன ஆசிரியரிடம் தனியாக ஒன்று கேளுங்கள்: வரிசையை எதை வைத்துப் பிரித்தீர்கள்? உயரம் என்றால் உயரம், ஆட்டம் என்றால் ஆட்டம், சொல்லட்டும். பல ஆசிரியர்கள் யோசிக்காமல் செய்கிறார்கள், கேள்வி வந்தால் கூச்சப்பட்டு மாற்றுகிறார்கள். மாற்றவில்லை என்றால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். சின்ன வகுப்புகளுக்கு இன்னொரு வழி உண்டு. கிரேயான் பெட்டியில் வெளிர் ரோஜா நிறக் குச்சியைப் பிள்ளைகள் ‘ஸ்கின் கலர்’ என்கிறார்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்து, தங்கள் கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே நிறம் வரும்வரை பழுப்பு, மஞ்சள், சிவப்பு, கறுப்பு எல்லாம் கலந்து தீட்டச் சொல்லுங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது நிறம் வரும். ஆண் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். ‘காக்கா’, ‘கரிச்சட்டி’ என்று பட்டப்பெயர் வைப்பது பெரும்பாலும் அவர்கள்தான். பட்டப்பெயரைச் சுமப்பதும் அவர்களில் பலர்தான், அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சட்டம், இயக்கம் பற்றிச் சுருக்கமாக. சென்னையில் 2009இல் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பின் கவிதா இம்மானுவேல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2013இல் நடிகை நந்திதா தாஸ் சேர்ந்தபின் நாடு முழுக்கத் தெரிந்தது. கறுத்தவரைச் சோகமாகவும் தோற்றவராகவும் காட்டக் கூடாது என்று விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு மன்றம் 2014இல் நெறிமுறை கொண்டு வந்தது. சிவப்பாக்கும் என்று சொல்லும் விளம்பரங்களைத் தண்டனைக்குரியதாக்க 2020இல் மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. 2025 மார்ச்சில் அன்றைய கேரளத் தலைமைச் செயலாளர் சாரதா முரளீதரன், தன் நிறத்தை வைத்துத் தன் பணியைப் பற்றிச் சொன்ன ஒரு பேச்சைக் கேட்டதாக வெளிப்படையாக எழுதினார். ஒரு மாநிலத்தின் மிக உயர்ந்த அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவரை விடாத பேச்சு, 13 வயதுப் பிள்ளையை எப்படி விடும் என்று உங்கள் குழுவில் கேளுங்கள்.

மகளிடம் என்ன பேசுவது என்று கேட்டீர்கள். ‘நீ கறுப்பில்லடி, மாநிறம்தான்’ என்று சொல்லாதீர்கள். அவளிடம் கண்ணாடி இருக்கிறது. ‘நிறம் முக்கியமில்ல, குணம்தான் முக்கியம்’ என்பதும் அவள் காதில் ‘இருந்தாலும்’ என்றுதான் விழும். ‘ஆமா, நீ கறுப்பு. எனக்கு உன்னப் பாத்தா ரொம்பப் புடிக்கும்’ என்று இரண்டையும் நடுவில் ஒட்டு எதுவும் போடாமல் சொல்லுங்கள். ‘உன்னக் கடைசி வரிசைக்குத் தள்ளுனது தப்பு, நான் போயிக் கேக்கறேன்’ என்று சொல்லுங்கள், சொன்னபடி போய்க் கேளுங்கள். மூத்தவளிடமும் தனியாகப் பேச வேண்டும். தங்கையோடு தன்னை ஒப்பிட்டு யாராவது மெச்சும்போது சிரித்து ஏற்றுக்கொள்ளாமல், ‘அப்படிச் சொல்லாதீங்க’ என்று அவள் வாயிலிருந்து வருவதற்குத் தனி வலு உண்டு. துணி எடுக்கப் போனால் ‘உன் கலருக்கு இது எடுக்காது’ என்று கடைக்காரர் சொல்லுமுன், அவளுக்குப் பிடித்ததை அவளே எடுக்கட்டும். அரக்கு, மஞ்சள், கிளிப்பச்சை எதுவானாலும் சரி.

அப்பாயியிடம் சண்டை போடாதீர்கள். ஒரு மத்தியானம் வெற்றிலைப் பெட்டியோடு அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ‘அத்தை, நீங்க இந்த வீட்டுக்கு வந்தப்ப உங்களப் பத்தி என்ன சொன்னாங்க?’ என்று கேளுங்கள். முதலில் ஒன்றுமில்லை என்பார். கொஞ்ச நேரம் பேசாமல் கூடவே இருங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் இளையவளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கூட்டத்துக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.